கடைசி வரிசைக்குப் புரிகிறதா? – பள்ளி ஒலிபெருக்கியைப் பேணுவதும் பழுது காண்பதும்

நம் பள்ளிகள் பலவற்றில் ஒரு மைக் செட் இருக்கும். தலைமை ஆசிரியர் அறையில் ஓர் ஆம்ப்ளிபயர், கட்டட முகப்பிலோ மைதான ஓரத்திலோ இரண்டு மூன்று கூம்பு ஒலிபெருக்கிகள், ஒரு மைக், இவற்றை இணைக்கும் நீண்ட வயர். காலை வழிபாட்டுக் கூட்டம் முதல் விளையாட்டு விழா வரை தினமும் பயன்படும் இந்தக் கருவி வேலை செய்கிறவரை யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. குடியரசு தினத்தன்று காலை ஏழரை மணிக்கு அது ஊமையாகும்போதுதான் எல்லோரும் ஓடுவோம்.

நான் அறிவியல் ஆசிரியர் என்பதால் எங்கள் பள்ளியில் மைக் செட் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இந்தப் பொறுப்பில் இருந்து கற்றவற்றைச் சக ஆசிரியர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறேன். மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு குறிப்பேடு, கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும்.

கேட்பது வேறு, புரிவது வேறு

கூட்டத்தில் கடைசியில் நிற்கும் ஏழாம் வகுப்பு மாணவியிடம் ஒருமுறை, "கேட்குதாம்மா?" என்றேன். "சத்தம் கேட்குது சார். என்ன சொல்றாங்கன்னுதான் தெரியல" என்றாள். ஒலிபெருக்கி பற்றிய பெரும்பாலான சிக்கல்கள் அந்த ஒரு பதிலில் அடங்கிவிடுகின்றன.

பேச்சில் உயிரொலிகள் வலிமையானவை, எளிதில் தொலைவு செல்பவை. மெய்யொலிகள் மெலிந்தவை, குறுகியவை. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் மெய்யொலிகளே. 'பட்டு', 'பத்து', 'பற்று' மூன்றிலும் உயிரொலிகள் ஒன்றே. 'பள்ளி', 'பல்லி' இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு மெய். தெளிவில்லாத ஒலிபெருக்கியில் "பத்தாம் வகுப்பு மட்டும் வலப்பக்க வாசல் வழியாக வெளியேறவும்" என்ற அறிவிப்பு, "...ஆம் வகுப்பு ...பக்க வாசல்" என்றுதான் மைதானக் கோடியில் போய்ச் சேரும்.

சாதாரண நாளில் இதனால் பெரிய இழப்பு இல்லை. ஆனால் தீ, மின்கசிவு, குளவிக் கூட்டம் கலைந்தது போன்ற நேரங்களில் சில நூறு குழந்தைகளை ஒரே சமயத்தில் சரியான திசையில் நகர்த்த நம்மிடம் இருக்கும் ஒரே வழி அந்தக் கூம்புதான். செவித்திறன் குறைந்த குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் இதே நிலைதான்.

ஆகவே "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்பதை விட்டுவிட்டு வேறொரு சோதனையைப் பரிந்துரைக்கிறேன். ஒத்த ஓசையுள்ள இருபது சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கல், பல், நெல், வில். பட்டு, பத்து, பற்று. பள்ளி, பல்லி, வள்ளி என்பதைப் போல. மைதானத்தின் நான்கு மூலைகளிலும் இரண்டிரண்டு மாணவர்களை நோட்டுடன் நிறுத்துங்கள். ஒருவர் மைக்கில் சொற்களை நிதானமாக, வரிசை மாற்றி வாசிக்கட்டும். எந்த மூலையில் பிழை அதிகமோ அங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. சொல்வதெழுதுதல் நமக்குப் புதிதல்ல. இங்கே தேர்வு எழுதுவது ஒலிபெருக்கி.

கூம்புக்குள் என்ன இருக்கிறது?

வெளியில் பார்க்கும் அகன்ற அலுமினியக் கூம்பில் மின்பாகம் எதுவும் இல்லை. அதன் பின்னால் உருண்டையாகத் திருகி மாட்டப்பட்டிருக்கும் பகுதியைத்தான் கடைகளில் 'யூனிட்' என்பார்கள். அதனுள் வலிமையான ஒரு காந்தம், காந்தத்தின் குறுகிய வட்ட இடைவெளியில் நிற்கும் மெல்லிய கம்பிச்சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய மெல்லிய தகடு ஆகிய மூன்றும் உண்டு. தகட்டை டயாஃப்ரம் என்கிறோம். மின்னோட்டம் மாறும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது, தகடும் அசைகிறது, ஒலி பிறக்கிறது.

சிறிய தகடு தனியாக அசைந்தால் காற்றை அதிகம் தள்ள முடியாது. கூம்பு, தகட்டின் சிறிய பரப்பையும் வெளியே உள்ள பரந்த காற்றையும் படிப்படியாக இணைக்கிறது. நாம் இரு கைகளையும் வாயருகே குவித்து வயலில் இருப்பவரைக் கூப்பிடுவதும் இதே தத்துவம்தான். அதனால்தான் வீட்டுப் பெட்டி ஸ்பீக்கரைவிடக் கூம்பு ஒலிபெருக்கி குறைந்த வாட்டில் அதிகத் தூரம் பேசுகிறது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒவ்வொரு கூம்புக்கும் அதன் அளவைப் பொறுத்து ஒரு கீழ் எல்லை இருக்கிறது. அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிகளைக் கூம்பால் வெளியே தள்ள முடியாது. அப்போது தகட்டுக்கு எதிராகக் காற்றின் தாங்கல் இல்லாததால் அது அளவுக்கு மீறி ஆடும். ஆண்டு விழாவில் பேஸ் குமிழை முழுவதும் திருப்பி நடனப் பாட்டுப் போட்டால், பாட்டும் நன்றாகக் கேட்காது, தகடும் கிழியும். கூம்பு ஒலிபெருக்கி பேச்சுக்கானது. பேஸ் குமிழ் நடுவுக்குக் கீழேயே இருக்கட்டும். பேச்சின் தெளிவும் அதனால் கூடும்.

வாட்டைக் கூட்டுவதா, இடத்தை மாற்றுவதா?

"கேட்கவில்லை, பெரிய ஆம்ப்ளிபயர் வாங்கலாம்" என்ற யோசனை அடிக்கடி வரும். வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20 டெசிபல் குறையும். ஆம்ப்ளிபயரின் திறன் இரு மடங்கானால் கூடுவதோ 3 டெசிபல் மட்டுமே. பொதுவான கூம்பு ஒலிபெருக்கிக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் அளவில் ஒலி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 வாட் கொடுத்தால் 115. அங்கிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால் 40 குறைந்து 75 டெசிபல். எதிரெதிரே நின்று இயல்பாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல்தான். அதாவது, அமைதியான மைதானத்தில் 100 மீட்டருக்கு 10 வாட்டே போதுமானது.

அப்படியிருந்தும் கேட்கவில்லை என்றால் குறை பெரும்பாலும் வாட்டில் இல்லை. வயரிலோ, இணைப்பிலோ, கூம்பு பார்க்கும் திசையிலோ இருக்கிறது. 30 வாட்டை 60 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். கூம்பை 100 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது 6 டெசிபல். திறனை நான்கு மடங்காக்குவதற்கு அது சமம். செலவு ஓர் ஏணியும் கொஞ்சம் வயரும்தான்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. கூம்பு தலைக்கு மேல் 3 முதல் 4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். அதன் மையம் கடைசி வரிசையை நோக்கட்டும். முன்வரிசைக் குழந்தைகள் ஒலிக்கற்றைக்குக் கீழே வந்துவிடுவதால் அவர்கள் காது தப்பும், பின்வரிசைக்கும் போதுமான ஒலி கிடைக்கும்.

2. கூம்பின் வாய் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். வானத்தைப் பார்த்த கூம்பு மழைநீரைச் சேர்த்து வைக்கும்.

3. மைதானத்தின் இரு கோடிகளிலும் ஆளுக்கொரு திசையில் கூம்புகளை மாட்டாதீர்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. இரு கூம்புகளிலிருந்து ஒரு மாணவருக்கு உள்ள தூரங்களின் வித்தியாசம் 34 மீட்டர் ஆனால், இரண்டாவது ஒலி 0.1 விநாடி தாமதமாக வரும். எதிரொலி தனித்துக் கேட்கத் தேவையான இடைவெளி என்று பாடநூலில் நாம் கற்பிக்கும் அதே 0.1 விநாடி. ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டு ஒன்றன்மேல் ஒன்று விழும். முடிந்தவரை எல்லாக் கூம்புகளையும் ஒரே இடத்தில் வைத்து வெவ்வேறு பக்கம் திருப்புவது நல்லது.

4. எதிரே பெரிய சுவர் இருந்தால் கூம்பை நேராக அதன்மேல் திருப்ப வேண்டாம்.

வெயில் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நண்பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். மார்கழி விடியலில் தரையருகே குளிர்ந்த காற்று இருப்பதால் ஒலி கீழ்நோக்கி வளையும். அடுத்த ஊர்க் கோயில் பாட்டு விடியற்காலையில் நம் திண்ணை வரை கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். காலைக் கூட்டத்தில் நன்றாகக் கேட்டது மதிய விளையாட்டுப் போட்டியில் கேட்காவிட்டால் கருவியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

வயரில் கரையும் ஒலி

ஆம்ப்ளிபயரின் பின்புறம் 4, 8, 16 ஓம் என்ற முனைகளும், பெரும்பாலானவற்றில் 100 வோல்ட் என்ற முனையும் இருக்கும். வயர் நீளமாக உள்ள பள்ளிகள் இந்த வேறுபாட்டை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

8 ஓம் ஒலிபெருக்கிக்கு 60 வாட் அனுப்பினால் வயரில் சுமார் 2.7 ஆம்பியர் ஓடும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 100 மீட்டர் இழுத்திருந்தால், போக வர 200 மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 3.4 ஓம். மொத்தம் 11.4 ஓமில் 3.4 வயருடையது. அதாவது, ஆம்ப்ளிபயர் தரும் திறனில் சுமார் 30 சதவீதம் ஒலியாகாமல் வயரிலேயே வெப்பமாகிவிடுகிறது.

100 வோல்ட் முறையில் அதே 60 வாட்டுக்கு 0.6 ஆம்பியர்தான் ஓடும். இழப்பு சுமார் 2 சதவீதம். மின்வாரியம் உயர் அழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்புவதற்கு நாம் பத்தாம் வகுப்பில் சொல்லும் காரணமே இங்கும். இந்த முறையில் ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்க வேண்டும். அதில் 5, 10, 15, 30 வாட் என்பது போன்ற முனைகள் இருக்கும். எல்லா ஒலிபெருக்கிகளின் வாட்டையும் கூட்டினால் ஆம்ப்ளிபயரின் வாட்டைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். நான்கு கூம்புகளுக்கு 15 வாட் வீதம் 60 வாட் என்றால் 80 வாட் ஆம்ப்ளிபயர் தாராளமாகத் தாங்கும்.

மூன்று விதிகளை ஆம்ப்ளிபயர் அருகிலேயே எழுதி ஒட்டிவைக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஒலிபெருக்கியை 100 வோல்ட் முனையில் இணைக்கக் கூடாது. 100 வோல்ட் முனையையும் ஓம் முனைகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கூடாது. ஓம் முறையில் ஒலிபெருக்கிகளைச் சேர்க்கும்போது மொத்த மதிப்பைக் கணக்கிட வேண்டும். பக்க இணைப்பில் இரண்டு 16 ஓம் சேர்ந்தால் 8, நான்கு சேர்ந்தால் 4. அதற்கும் கீழே போனால் ஆம்ப்ளிபயர் சூடேறிப் பழுதாகும்.

பழுது காணும் வரிசை

ஒரு மாணவன் வகுத்தல் கணக்கைத் தவறாகச் செய்தால் விடையை மட்டும் பார்த்து நாம் முடிவு செய்வதில்லை. எந்தப் படியில் பிழை என்று தேடுவோம். இங்கும் அதே முறைதான். மின்சாரம், மைக், ஆம்ப்ளிபயர், வயர், யூனிட் என ஐந்து படிகள். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

முதல் படி, மின்சாரம். விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் பிளக் பாயிண்டில் வேறொரு கருவியைச் செருகிப் பாருங்கள். பிறகு பின்புற ஃபியூஸ். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். சிகரெட் அட்டைத் தகடும் வெறும் கம்பியும் ஃபியூஸ் ஆகாது. புதிய ஃபியூஸும் உடனே போனால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இரண்டாம் படி, மைக். மைக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸ் முனையில் கைபேசியை இணைத்துப் பாட்டு ஒன்றைக் குறைந்த ஒலியில் போடுங்கள். பாட்டுக் கேட்டால் ஆம்ப்ளிபயரும் ஒலிபெருக்கியும் நலம், குறை மைக்கிலோ மைக் வயரிலோதான். மைக் வயர் பெரும்பாலும் பிளக்கின் கழுத்தில்தான் அறும். அந்த இடத்தை மெல்ல அசைக்கும்போது ஒலி வந்து வந்து போனால் பிளக்கைத் திறந்து மீண்டும் பற்றவைத்தால் போதும்.

மூன்றாம் படி, ஆம்ப்ளிபயர். மைதானத்துக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, நன்றாக இருப்பதாகத் தெரிந்த 8 ஓம் ஒலிபெருக்கி ஒன்றை அறையிலேயே 8 ஓம் முனையில் இணைத்துப் பாருங்கள். அதில் ஒலி வந்தால் ஆம்ப்ளிபயர் நலம்.

நான்காம் படி, வயர். ஆம்ப்ளிபயரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஒலிபெருக்கி வயரைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். மல்டிமீட்டர் காட்டும் மதிப்பு, யூனிட்டில் அச்சிட்டிருப்பதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. 8 ஓம் யூனிட் 6 அல்லது 7 காட்டும். 16 ஓம் யூனிட் 12 முதல் 14 வரை காட்டும். வயரின் தடையும் அதோடு சேரும். இனி அளவீட்டைப் படிப்பது எளிது.

– ஏறக்குறைய சுழி என்றால் எங்கோ இரு வயர்களும் ஒட்டியிருக்கின்றன. ஆம்ப்ளிபயரைப் போடாதீர்கள்.
– முடிவிலி என்றால் வயரோ யூனிட்டோ அறுந்திருக்கிறது.
– பக்க இணைப்பில் உள்ள இரண்டு 16 ஓம் யூனிட்டுகள் சேர்ந்து 7 காட்ட வேண்டிய இடத்தில் 13 காட்டினால், இரண்டில் ஒன்று இணைப்பில் இல்லை.

100 வோல்ட் முறையில் மீட்டர் காட்டுவது டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் தடையை மட்டுமே. ஆகவே எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் ஓர் அளவீடு எடுத்துக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, பிறகு அதனோடு ஒப்பிட வேண்டும்.

ஐந்தாம் படி, யூனிட். அதன் முனைகளில் இருந்து வயரையும், லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதையும் பிரித்துவிட்டு, 1.5 வோல்ட் பேனா பேட்டரியால் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். 'டக்' என்ற ஒலி வந்தால் சுருள் உயிரோடு இருக்கிறது. ஒலி இல்லை, மீட்டரும் முடிவிலி காட்டுகிறது என்றால் சுருள் அறுந்துவிட்டது. பல யூனிட்டுகளுக்குச் சுருளும் தகடும் சேர்ந்த டயாஃப்ரம் மட்டும் தனியாகக் கிடைக்கும். முழு யூனிட்டையும் மாற்ற வேண்டியதில்லை. மாற்றும்போது காந்த இடைவெளியில் இரும்புத்தூள் இருந்தால் ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தால் எடுத்துவிட வேண்டும்.

இந்த வரிசை எங்களுக்கு எப்படிக் கைகொடுத்தது என்று சொல்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் மைதானத்தின் மேற்குக் கூம்பு நின்றுவிட்டது. பார்க்க வந்தவர், "யூனிட் போச்சு சார், புதுசு போட்ரலாம்" என்றார். அறையில் அளந்தபோது முடிவிலி. ஏணி வைத்து யூனிட்டிலேயே அளந்தபோது 13 ஓம். ஆக, யூனிட் நலம், இடையில்தான் குறை. வயரைத் தடவிக்கொண்டே வந்தால், பாதி வழியில் டேப் சுற்றிய ஒட்டு ஒன்று. பிரித்தபோது செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. வெட்டி, சுரண்டி, ஈயம் வைத்துப் பற்றி, புதிய டேப் சுற்றியதும் மேற்குக் கூம்பு பேசியது. யூனிட் வாங்க ஒதுக்க இருந்த பணம் ஆய்வகத்துக்குப் போனது.

ஊளையும் இரைச்சலும் கரகரப்பும்

ஊளைச் சத்தம்: ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து சுற்றிச் சுற்றிப் பெருகுவதே இது. கூம்புகள் பேசுபவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பேசுபவர் மைக்கை நெருங்க வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தை 30 சென்டிமீட்டரிலிருந்து 15 ஆகக் குறைத்தால் மைக்கில் 6 டெசிபல் கூடும். அந்த அளவுக்கு வால்யூமைக் குறைத்துக்கொள்ளலாம், ஊளையும் அடங்கும். கூச்சப்பட்டுத் தள்ளி நிற்கும் சிறு குழந்தைக்கு மைக்கின் உயரத்தை முதலில் இறக்கிக் கொடுங்கள்.

'ம்ம்' என்ற இரைச்சல்: மைக் வயரின் வெளிவலை அறுந்திருக்கலாம், மைக் வயர் மின்வயரை ஒட்டிப் போகலாம், எர்த் சரியில்லாமலும் இருக்கலாம். இரைச்சல் போகிறது என்பதற்காக மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை எடுத்துவிடுவது உயிருக்கு ஆபத்து.

கரகரப்பு: எல்லாக் கூம்புகளிலும் கேட்டால் வால்யூம் எல்லை மீறியிருக்கிறது. அப்படியே தொடர்ந்தால் சுருள் சூடேறிக் கருகும். ஒரே கூம்பில் மட்டும் கேட்டால் அதன் தகடு கிழிந்திருக்கலாம் அல்லது சுருள் உரசலாம். குமிழைத் திருப்பும்போது மட்டும் கேட்டால் குமிழின் உள்ளே தூசி.

மைக்கை விரலால் தட்டுவதும் வாயால் ஊதுவதும் வேண்டாம் என்பதை மாணவர்களுக்கும் விருந்தினர்களுக்கும் பணிவாகச் சொல்லிவிடலாம்.

பருவத்துக்கு ஒரு பார்வை

ஜூனில் பள்ளி திறக்கும்போது: கோடை விடுமுறையில் கூம்புக்குள் குளவியும் குருவியும் குடியேறியிருக்கும். முட்டையோ குஞ்சோ இருந்தால் அவை பறக்கும்வரை பொறுப்போம். காலிக் கூட்டை மட்டும் எடுப்போம். நட்டு, போல்ட், தாங்கி ஆகியவற்றில் துரு பார்க்க வேண்டும். குழந்தைகளின் தலைக்கு மேல் தொங்கும் கனமான பொருள் அது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்: திறந்த ஒட்டுகள் அனைத்தையும் பிரித்துப் பார்த்து, பற்றவைத்து, மூடியுள்ள பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். யூனிட்டுக்குள் நுழையும் முன் வயர் ஒரு வளைவாகக் கீழே இறங்கி மேலேறட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கடலோரப் பள்ளிகளில் உப்புக்காற்று இணைப்புகளை வேகமாக அரிக்கும் என்பதால் இந்தச் சோதனையை ஆண்டுக்கு இரண்டு முறை செய்யலாம்.

இடி மின்னல் நாட்களில்: மழை தொடங்குவதற்கு முன்பே பிளக்கையும் ஒலிபெருக்கி வயரையும் ஆம்ப்ளிபயரிலிருந்து கழற்றிவிடுங்கள். இடி இடிக்கத் தொடங்கியபின் அந்த வயரைத் தொட வேண்டாம்.

பேட்டரி: பல ஆம்ப்ளிபயர்கள் 12 வோல்ட் பேட்டரியிலும் இயங்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டா மாவட்டங்களில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. பள்ளிக் கட்டடங்கள் பல நிவாரண முகாம்களாயின. இப்படிப்பட்ட நேரத்தில் பள்ளியின் ஒலிபெருக்கி ஊரின் ஒலிபெருக்கியாகிவிடும். பேட்டரியை மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். சுமையின்றி 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் உடனே மின்னேற்ற வேண்டும்.

பாதுகாப்பும் அண்டை வீடும்

ஏணியில் ஏறும் வேலைக்கு மாணவர்களை ஒருபோதும் அனுப்பக் கூடாது. அருகில் மின்கம்பி போனால் நாமும் ஏறக் கூடாது. பயிற்சி பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். மின்கம்பத்தில் கூம்பு கட்டுவது கூடாது. 100 வோல்ட் முனைகளை ஆம்ப்ளிபயர் இயங்கும்போது தொட்டால் அதிர்ச்சி தாக்கும். 30 வாட் கொடுத்தால் கூம்பின் வாயருகே 1 மீட்டரில் 120 டெசிபல் வரை எழும் என்பதால் குழந்தைகள் அதன் முன் நிற்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதிப் பகுதியாக அறிவிக்க வழிசெய்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. அமைதியை நமக்காகக் கேட்கும் நாம், எதிர்வீட்டில் படுத்திருக்கும் முதியவரையும் நினைக்க வேண்டும். கூம்பைச் சுற்றுச்சுவருக்கு வெளியே திருப்பாமல் மைதானத்துக்குள் இறக்கித் திருப்பினாலே பாதிப் புகார் குறையும்.

வகுப்பறைக்கும் குறிப்பேட்டுக்கும்

இந்த மைக் செட் ஒரு நல்ல கற்றல் கருவி. ஒலி, எதிரொலி, மின்தடைகளின் பக்க இணைப்பு, காந்தப்புலத்தில் கடத்தி பெறும் விசை என்று உயர்நிலை அறிவியலின் பல பகுதிகள் இதில் இருக்கின்றன. மின் இணைப்பைத் துண்டித்து மேசைமேல் வைத்த பழைய யூனிட்டைப் பிரித்துக் காட்டலாம். பேனா பேட்டரியால் 'டக்' ஒலி எழுப்பச் சொல்லலாம். சொற்பட்டியல் சோதனையின் விடைகளைத் தமிழாசிரியர் திருத்தட்டும், எந்த மெய்கள் அதிகம் தவறின என்று கணித ஆசிரியர் பட்டை விளக்கப்படம் வரையவைக்கட்டும். தொடக்கப் பள்ளியில் ஒலி எட்டும் தூரத்தை அடி வைத்து அளப்பதே குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி ஆம்ப்ளிபயர் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். முதல் பக்கத்தில் வயர் போகும் பாதையின் வரைபடம், ஒட்டுகள் உள்ள இடங்கள். இரண்டாம் பக்கத்தில் நல்ல நாளில் எடுத்த ஓம் அளவீடுகள், குமிழ்கள் இருக்க வேண்டிய நிலை, ஃபியூஸின் ஆம்பியர். அடுத்த பக்கங்களில் தேதியிட்டு, என்ன பழுது, எங்கே இருந்தது, யார் சரிசெய்தார், என்ன செலவு. பொறுப்பாசிரியர் மாறுதலில் போனால் கருவியோடு அந்த நோட்டையும் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். அடுத்து வருபவர் தமிழாசிரியராகவோ உடற்கல்வி ஆசிரியராகவோ இருக்கலாம். விழா நாள் காலை ஏழரை மணிக்கு அவர் அந்த நோட்டைத் திறந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.